ஏழாம் அறைக்கும் எட்டாம் அறைக்கும் நடுவே

அந்தக் கல்லூரியின் முதன்மைக் கட்டடத்தை எதிரில் நின்று பார்க்கிறவர்கள் முதலில் வாயைப் பிளப்பார்கள், கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தைச் சாய்ப்பார்கள். எங்கேயோ இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், எது என்று சொல்லத் தெரியாது. முன்னால் மணிக்கூண்டு. அதன் பின்னே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தூண்களும் வளைவுகளுமாக ஒரு நீண்ட நடை. நடையை ஒட்டி வரிசையாகப் பதினான்கு வகுப்பறைகள். இடது பாதியில் வளைவுகள் அரைவட்டமாக இருக்கும், வலது பாதியில் கூர்முனையாக இருக்கும். முதலில் கட்ட வந்தவர் ஏழு அறைகளோடு கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான்கு வருஷம் கழித்து மீதியைக் கட்ட வந்தவர், அந்த ஆள் போட்ட வளைவில் ஒன்றைக்கூடத் திரும்பப் போடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு பெரிய மனிதர்களின் வீம்புக்கு ஊரார் இன்னும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வீம்பையெல்லாம் அளந்து காகிதத்தில் இறக்குவதுதான் அவளுடைய வேலை. பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுகிறவள். கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வாயிற்காவலர் முதல் நாளே 'அளவம்மா' என்று ஒரு பெயர் வைத்தார், ஒரே வாரத்தில் அது முதல்வர் அறை வரைக்கும் போய்விட்டது. கல்லூரிக்கு நூற்றைம்பது வயது நிறைகிறது, வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். புத்தகத்துக்குச் சரியான வரைபடம் வேண்டும். கட்டும்போது போட்ட மூலப்படங்களைக் கரையான் தின்று தீர்த்துப் பல காலம் ஆகிறது.

இருபத்தாறு வருஷமாக அவளும் அவள் கணவரும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பு வாரைப் பூட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். டாக்டர் வந்து சொல்வதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது.

கல்லூரியின் கட்டடப் பிரிவு மேலாளர் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் பூசி மெழுகத் தெரியாதவர். முதல் நாளே நேரடியாகக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இவ்வளவு நாள் ரெண்டு பேரா செஞ்ச வேலை. ஒண்டியா முடியுமா?"

"முடியும் சார்."

"இத முடிச்சுக் காட்டுங்க. சரியா வந்தா நூலகம், விடுதி, விழா மண்டபம், பழைய ஆய்வுக்கூடம், நாலும் உங்களுக்குத்தான். சரியா வரலன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

வெளியூரில் இருக்கும் மகளும் இதே கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்கும்மா தனியா கஷ்டப்படுற? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன்." அவள் பிடிகொடுக்காமல் பேசினாள். "இந்த வேலை எப்படி வருதுன்னு பாக்கலாம்" என்றாள். நன்றாக வந்தால் இன்னும் மூன்று வருஷத்துக்கு வேலை இருக்கும், அவளும் அவளாக இருப்பாள். வராவிட்டால் மகள் ஒழித்து வைத்த அறை. அன்பான அறைதான். ஆனால் அந்த அறையில் தனக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியவில்லை.

அளக்கிற தொழிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இவர்களுடைய பழக்கம் பத்து. கல்யாணமான புதிதில், முதல் வேலையிலேயே, இரும்பு டேப் சாரத்திலிருந்து விழுந்து அதன் நுனிக் கொக்கி வளைந்துபோயிற்று. புது டேப் வாங்கக் கையில் காசில்லாத காலம். அதனால் அவர் நுனியை விட்டுவிட்டார். டேப்பின் முதல் பத்து சென்டிமீட்டரைச் சுவரோடு மேலே மடித்து, பத்து என்ற கோடு சரியாக மூலையில் உட்காரும்படி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "பத்துல" என்று குரல் கொடுப்பார். எதிர்ச் சுவரில் நிற்கிற அவள், தெரிகிற எண்ணில் பத்தைக் கழித்துக்கொண்டு நோட்டில் எழுதுவாள். அப்புறம் எத்தனையோ டேப் மாறியது, கொக்கியெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் அவர் விடவில்லை. "கொக்கிய நம்பறதுக்கு என் கட்டைவிரல நம்பலாம்" என்பார். மகள் சின்ன வயதில் வீட்டில் ஓடிப் பிடித்து விளையாடும்போதுகூட "பத்துல" என்றுதான் கத்துவாள். அந்த வீட்டில் யாரும் எதையும் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்ததில்லை.

இப்போது கட்டைவிரல் இல்லை. அவள் கொக்கி சரியாக இருக்கிற புது டேப் ஒன்று வாங்கினாள். பழைய செங்கல் ஒன்றைப் போர்வைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கொக்கியைச் சுவரில் முட்டவைத்து, மேலே செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்கு நடப்பாள். செங்கல் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தது. நடுவில் எழுந்துபோய் டீ குடிக்கவில்லை, ஜன்னலில் தொங்கிக்கொண்டு தச்சர்களின் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசவில்லை, அவள் கையெழுத்தைக் கேலி செய்யவில்லை. இப்படி ஒரு உதவியாள் கிடைக்க யாரும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

விடுமுறைக் காலம். கட்டடத்தில் மாணவர்கள் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு நுழைந்தால் ஐந்து மணிவரை அவள் குரல் அவளுக்கே கேட்காது. ஒவ்வொரு அறையையும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முதல் ஏழு அறைகளில் கூரையைத் தாங்குவது மர உத்தரம், அடுத்த ஏழில் வார்ப்பிரும்பு. முதல் பாதியில் கரும்பலகைக்கு மேலே காற்றுப்போக வட்டத் துளை இருந்தது, இரண்டாம் பாதியில் அது சதுரம். அங்கேயும் வீம்புதான். பதினொன்றாம் அறையில் பெஞ்சுகள் படிப்படியாக மேலே ஏறும். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தால் வாத்தியாரின் வழுக்கை மட்டும்தான் தெரியும் போலிருந்தது, அதை யாரோ பெஞ்சிலேயே படமாகச் செதுக்கியும் வைத்திருந்தார்கள். அதைக் காட்டிச் சிரிக்க ஒரு ஆள் வேண்டும் என்று திரும்பினாள். சுவரோரம் செங்கல் இருந்தது.

அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை. இரண்டு பேருக்கு எடுத்துப்போகிற அதே டப்பாதான், பாதிதான் நிரப்பியிருந்தாள், அதுவும் மீந்தது. நடையின் படியில் உட்கார்ந்துகொண்டு, 'ரொம்பத் தனியா இருக்கேன்' என்று வாய்விட்டே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சொன்னதில் ஒன்றும் குறையவில்லை.

அறை சதுரம்தானா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்காக ஓர் அளவு எடுப்பார்கள். அவர் இருந்தபோது இரண்டு குறுக்களவு எடுப்பது வழக்கம். தனி ஆளாகப் பெஞ்சுகளுக்கு மேலே டேப்பை இழுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பதால் இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். அந்த ஒன்றும் எல்லா அறையிலும் நீள அகலத்தை வைத்துப் போட்ட கணக்குக்கு நாலு சென்டிமீட்டர் கூடுதலாகவே வந்தது. பழைய கட்டடம், கோணலாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். பதினான்கு அறையும் ஒரே அளவுக்குக் கோணலாக இருக்குமா என்று அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

வெளியே நடையின் மொத்த நீளத்தை முப்பது மீட்டர் நாடாவால், ஆணி அடித்து, பூஜ்ஜியத்திலிருந்து அளந்தாள். அந்த நாடாவுக்கு எப்போதுமே ஆணிதான், கட்டைவிரல் கிடையாது. பிறகு வீட்டில் மேசையில் உட்கார்ந்து அறைகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சேர்த்துக்கொண்டு போனாள். நடுச்சுவர்களின் கனத்தைக் கதவு நிலைகளில் அளவுகோல் வைத்துப் பார்த்திருந்தாள், எல்லாம் அறுபது சென்டிமீட்டர். ஏழாம் அறைக்கும் எட்டாம் அறைக்கும் நடுவே மட்டும் கதவு இல்லை. முதல் ஆள் கோபித்துக்கொண்டு போன இடம் அது. அவர் கட்டிய கடைசிச் சுவர் நான்கு வருஷம் மழையில் நின்றது. அந்தச் சுவரின் கனத்தை நேராக அளக்க வழியில்லை, மொத்த நீளத்திலிருந்து மற்றதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவதுதான் அது.

மிஞ்சியது இரண்டு மீட்டர்.

அவள் மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். மறுநாள் போய் வெளி நீளத்தைத் திரும்ப அளந்தாள். மாறவில்லை. அந்தச் சுவருக்கு நேர் முன்னால் மணிக்கூண்டு மறைத்துக்கொண்டு நிற்பதால் வெளியிலிருந்து கண்ணால் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு மீட்டர் கனத்தில் யாரும் வகுப்பறைச் சுவர் கட்டமாட்டார்கள். உள்ளே ஏதோ இருக்கிறது.

படத்தைக் கொண்டுபோய் வரலாற்றுப் பேராசிரியரிடம் காட்டினாள். புத்தகத்தை எழுதுகிறவர் அவர்தான். போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டார், அறைச் சாவியை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை. வீட்டில் அவருக்காகக் காத்திருக்க ஆளில்லை என்பதால் கல்லூரியிலேயே பொழுது போய்க்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"உக்காருங்கம்மா" என்றார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

அவர் முப்பது வருஷமாகத் தேடுவது ஓர் அறையை. இந்தக் கல்லூரி ஒரு மரவியாபாரி கொடுத்த, நீண்டு ஒடுங்கிய ஒற்றை அறையில், பதினொரு மாணவர்களோடு ஆரம்பித்தது. அந்த அறை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. முதல் முதல்வர் தன் தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்று மட்டும் கிடைத்திருந்தது. 'அந்தச் சின்ன அறையை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் சுவர்களை உள்ளே விட்டே புதிய கட்டடத்தை எழுப்பச் சொல்லியிருக்கிறேன்' என்று அதில் இருந்தது. எங்கே உள்ளே? முப்பது வருஷமாக அவர் தட்டிப் பார்க்காத சுவர் இல்லை. வாயிற்காவலர்கள் அவரைச் 'சுவர் தட்டி' என்று பின்னால் கூப்பிடுவது அவருக்கும் தெரியும்.

"இதுதாம்மா. இதுக்குள்ளதான் இருக்கு" என்றார். "நான் தட்டினப்ப எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்க தட்டாமலே கண்டுபிடிச்சுட்டீங்க."

அதற்குப் பிறகு மூன்று வாரம் கல்லூரி அவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. முதல்வர் கூப்பிட்டுப் பேசினார். மேலாளர் முதலில் முகத்தைச் சுளித்தாலும், சுவரில் விரல்கனத்துக்கு ஒரு துளை போட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டார். "நாலு கட்டடத்துக்கும் கடிதம் அடிச்சு வச்சுட்டேன், துளை போட்ட அன்னிக்குக் கையெழுத்து" என்றார். பேராசிரியர் மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினார். மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவளும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, "அப்பா இருந்திருந்தா குதிச்சிருப்பார்" என்றாள்.

துளை போடுவது பதினொரு மணிக்கு. அளவம்மா ஒன்பதரைக்கே ஏழாம் அறைக்கு வந்துவிட்டாள். சுவரில் துளை எந்த இடத்தில் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பெருக்குகிற பெண் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி வழி பண்ணிக்கொண்டிருந்தாள். மூலையில் வைத்திருந்த செங்கல்லைக் காணவில்லை.

"இங்க துணி சுத்துன கல்லு ஒண்ணு இருந்துதே?"

"அய்யோ, அது உங்களுதாக்கா? யாரோ குப்பை போட்டிருக்காங்கன்னு தூக்கி வெளிய கொட்டிட்டேன். வேலை கெட்டுப்போச்சா?"

"பரவால்ல. இந்த நுனிய மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

"எங்க வைக்கணும்?"

"பத்துல."

யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. பெருக்குகிற பெண்ணுக்கு எப்படி மடித்து அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். டேப் ஏழு மீட்டர் முப்பத்துநாலு காட்டியது. பத்தைக் கழித்தாள். ஏழு இருபத்துநாலு. நோட்டைப் பார்த்தாள். நோட்டில் ஏழு பதினாலு என்று இருந்தது.

"சரியா பிடிச்சிருக்கீங்களா?"

"பத்துன்னு போட்டிருக்க கோடு மூலைல இருக்குக்கா. வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தாள். மூலையில்தான் இருந்தது. "சரி, இப்ப கொக்கியவே சுவத்துல வைங்க" என்றாள். ஏழு இருபத்துநாலு. இரண்டு வழியிலும் ஏழு இருபத்துநாலுதான். நோட்டு மட்டும்தான் பதினாலு என்றது. அவள் கையெழுத்து. அவர் கேலி செய்யும் அதே கோணல் ஏழு.

அவள் ஆறாம் அறைக்கு நடந்தாள். நடந்தாள் என்று சொல்வதைவிட ஓடினாள் என்றே சொல்லலாம். கொக்கியைக் கதவோரம் ஒரு பெஞ்சுக் காலால் அமுக்கிவைத்துவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு போய்ப் படித்தாள். ஆறு எண்பத்தைந்து. பென்சிலை எடுத்து நோட்டின் ஓரத்தில் எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தால், ஆறு எழுபத்தைந்து என்று எழுதியிருந்தாள்.

தன் கை எழுதியதைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். கழித்தது அவளுக்கே தெரியவில்லை. செங்கல் ஒரு நாளும் "பத்துல" என்று சொன்னதில்லை. இவளாகத்தான் ஒவ்வொரு அறையிலும், அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரி, அவருடைய பத்தை எடுத்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பதினான்கு அறை. நூற்று நாற்பது சென்டிமீட்டர். இரண்டு மீட்டரில் அதைக் கழித்தால் அறுபது. மற்ற சுவர்களைப் போல அதுவும் ஒரு சுவர். உள்ளே ஒன்றும் இல்லை.

மணி பத்தேகால். பெஞ்சில் உட்கார்ந்தாள். நோட்டை மூடிவைத்தாள். யாராக இருந்தாலும் அந்த முக்கால் மணி நேரத்தில் மனம் ஓடுகிற பக்கம்தான் அவளுக்கும் ஓடியது. மேலே தளத்தைத் தாங்குகிற சுவர், கூண்டின் பாரமும் இதில் இறங்குகிறது, துளை போட்டால் ஆபத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேலாளர் உடனே கேட்பார், பயந்த சுபாவம். துளை நின்றுபோகும். புத்தகத்தில் இரண்டு மீட்டர் சுவர் இருக்கும், பேராசிரியருக்கு அவருடைய அறை இருக்கும், அவளுக்கு நாலு கட்டடம் இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

பதினொரு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். முதல்வர், மேலாளர், புகைப்படக்காரர், துளைக்கருவியோடு கொத்தனார். பேராசிரியர் புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை.

"எங்கம்மா, குறிச்சாச்சா?" என்றார் மேலாளர்.

"சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள். "இது பாரம் தாங்குற சுவரு. கூண்டோட பாரமும் இதுலதான் இறங்குது. நான் என்ன நினைக்கிறேன்னா..."

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எனக்கென்னமோ இது சாதாரண சுவரு மாதிரிதான் தெரியுது. அளவுல ஏதாவது முன்னபின்ன இருக்குமோ?"

அவளுக்கு முன்னால் பேராசிரியர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் இருக்காதுப்பா. இவங்களும் இவங்க வீட்டுக்காரரும் இருபத்தாறு வருஷமா அளக்கறாங்க. ஒரு சென்டிமீட்டர் தப்பினதா யாரும் சொன்னதில்ல. நான் விசாரிச்சேன்."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். அவள் தன் கணவரை நினைத்தாள். கட்டைவிரலை நம்பச் சொன்ன மனிதர். ஒரு சென்டிமீட்டருக்காக மழையில் திரும்பிப்போய் அளந்த மனிதர். அவர் பெயரையும் சேர்த்து அல்லவா பொய்க்குச் சாட்சியாக்கப் போகிறாள்.

"துளை வேண்டாம் சார்" என்றாள். "இது அறுபது சென்டிமீட்டர் சுவர்தான். தப்பு என்னுது."

அவள் சொன்னாள். பத்தைப் பற்றி, கட்டைவிரலைப் பற்றி, செங்கல்லைப் பற்றி. எதையும் மறைக்கவில்லை, பாரம் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "சரி, எல்லா அறைக்கும் பத்து கூட்டிட்டா முடிஞ்சுபோச்சு. இதுக்குப் போயா?"

"அப்படிக் கூட்ட முடியாது சார். கதவு, ஜன்னல், உயரம், இதுல எல்லாம் எங்க கழிச்சேன், எங்க கழிக்கலன்னு எனக்கே தெரியாது. முழுசா திரும்ப எடுக்கணும்."

"எடுங்க. ஆனா..." பூசி மெழுகத் தெரியாத மனிதர் அன்றைக்குக் கொஞ்சம் தடுமாறினார். "அந்த நாலு கட்டடத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேம்மா. தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கல சார்."

முதல்வரும் புகைப்படக்காரரும் போனார்கள். கொத்தனார் கருவியைப் பைக்குள் வைத்தார். பேராசிரியர் மட்டும் சுவருக்கு எதிரில் நின்றுகொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"முப்பது வருஷமா தேடறேன்" என்றார். "மூணு வாரம் எங்கிட்ட இருந்துது. அதுவே பெரிசு." பிறகு, "நீங்க திரும்ப அளக்கும்போது நான் வந்து நுனியப் பிடிக்கட்டுமா? எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல" என்றார்.

நல்ல மனிதர். அவருக்கும் யாராவது வேண்டியிருந்தது.

"வேண்டாம் சார்" என்றாள். "யாராவது பிடிச்சா எனக்குச் சரியாத்தான் வரும். அதுதான் பிரச்சினை. தனியா எடுத்து சரியா வரணும்."

மத்தியானம் மகளைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல், "நாலு கட்டடமும் போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்போ கிளம்பி வந்துடு என்று மகள் சொல்லப்போகிறாள், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"எல்லா ரூம்லயுமாம்மா?" என்றாள் மகள்.

"எல்லா ரூம்லயும்."

மகள் அழுதாள். அப்பா போனபோது ஆளாளுக்கு ஆறுதல் சொல்ல வந்த கூட்டத்துக்குக் காபி கொடுத்துக்கொண்டு, அழ நேரமில்லாமல் போன பெண் அவள். இப்போது ஏங்கி ஏங்கி அழுதாள். அளவம்மா காதோடு போனை வைத்துக்கொண்டு நின்றாள். வா என்று மகள் கடைசிவரை சொல்லவில்லை. "எத்தன நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு வாரம். முடிச்சுட்டு வந்து உங்கூட ஒரு வாரம் இருக்கேன். அப்புறம் இங்கயே வந்துடுவேன். சின்னதா ஏதாவது வேலை கிடைக்கும்."

"சரிம்மா."

குப்பைக் குவியலில் அவளுடைய செங்கல் கிடைக்கவில்லை, வேறொன்றைப் பொறுக்கிக்கொண்டாள். முதல் அறைக்குப் போனாள். கொக்கியைச் சுவரில் முட்டவைத்துக் கல்லை மேலே வைத்தாள். டேப்பை இழுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்கு நடந்து, குனிந்து படித்தாள். ஆறு நாற்பத்திரண்டு. வாய்விட்டுச் சொன்னாள், "ஆறு நாப்பத்திரெண்டு." கை ஆறு முப்பத்திரண்டு என்று எழுதப்போனது. பென்சிலை எடுத்துவிட்டாள்.

திரும்பி அந்தப் பக்கம் பார்த்தாள். பதினான்கு அறையிலும் அவள் அப்படித் திரும்பிப் பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நீண்ட அறை, வெயில் விழுந்த தரை, நடுவே மஞ்சள் டேப் நேராக ஓடுகிறது, முடிகிற இடத்தில் ஒரு கல். கழிக்க ஒன்றும் இல்லை. நோட்டில் ஆறு நாற்பத்திரண்டு என்று முழுசாக எழுதினாள். எழுதி முடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். யாருக்கும் காட்டாமல் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை, கேட்க ஆளில்லாத அந்தக் கட்டடத்தில், கத்தலாக வந்தது. போயிட்டாரு, போயிட்டாரு என்றுதான் அவள் கத்தினாள்.